பிள்ளைகளைப் பண்ணைக்குக் கூட்டிப் போகிறீர்களா? குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நான் பிள்ளைகளைப் பண்ணைக்குக் கூட்டிப் போன அன்று ஒரு கோழிக்குஞ்சு செத்துப்போனது. 62 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். எல்லாரும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும் என்று நான்தான் ஒரு குஞ்சை எடுத்து வரிசையில் முதலில் நின்ற பிள்ளையின் கையில் வைத்தேன். வரிசை முடியும்போது குஞ்சு கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. யாரும் அதை நெரிக்கவில்லை. ஆசையாகத்தான் பிடித்தார்கள். "பரவாயில்ல டீச்சர், விடுங்க" என்று சொல்லி வீட்டுக்கார அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் இறுக்கிப் பிடிச்சதாலயா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் பிடித்ததில் தப்பில்லை. நான் திட்டமிட்டதில்தான் தப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் போகிறேன். போகப் போகத் தெரிந்துகொண்டதை, புதிதாகக் கூட்டிப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: காட்டும் உயிர்களைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு பசு, நாலு ஆடு, ஒரு கோழிக்கூடு இருந்தால் ஒரு முழு நாளுக்குப் போதும். முப்பது வகை விலங்கைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு பசு அசைபோடுவதைக் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிள்ளையைப் பேச்சை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது.

1. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

நுழைவுக் கட்டணம் வாங்கி, கூண்டில் முயலும் வான்கோழியும் வைத்திருக்கும் பொழுதுபோக்கு இடங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே விலங்குகளுக்கு ஓய்வே கிடையாது. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போகவும் வேண்டாம். தோவாளையில் தொடங்கி களியக்காவிளை வரை எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்குப் பின்னால் விளை (தோட்டம்), விளையில் தொழுவம், தொழுவத்தில் இரண்டு மூன்று மாடு என்று ஒரு குடும்பமாவது இருக்கும். இரண்டிலிருந்து ஆறு மாடு, கொஞ்சம் ஆடு, அவிழ்த்துவிட்ட நாட்டுக்கோழி உள்ள ஒரு வீடுதான் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரியான பண்ணை. ஐம்பது மாடு உள்ள பெரிய பால்பண்ணையில் கறவை இயந்திரமும் சத்தமும் அதிகம். அதைப் பெரிய வகுப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பேரைக் கேட்டால் போதும். ஒருவர் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தின் டாக்டர். எந்த வீட்டில் ஒழுங்காகத் தடுப்பூசி போடுகிறார்கள், எந்த மாடு சாது, எது முட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்னொருவர் பால் சங்கத்தில் காலையில் பால் அளப்பவர். இதைவிட நல்ல வழி, உங்கள் பள்ளியிலேயே மாடு வளர்க்கும் பெற்றோர் இருந்தால் அவர்களிடம் கேட்பது. சாணி வாடை அடிக்கிறது என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்ததால் எப்போதும் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்காரும் ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். ஒரு வருடம் அவன் வீட்டுக்கே போனோம். அன்றைக்கு வகுப்பு முழுக்க அவன் பின்னால் நடந்தது. எந்த மாட்டுக்குக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், எந்த மாட்டுக்குப் பிடிக்காது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான், நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஆறாம் வகுப்புக்கு மேலே என்றால் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், நெல் ஆராய்ச்சி நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றையும் யோசிக்கலாம். அங்கே போக வேண்டுமானால் தலைமையாசிரியர் கையெழுத்துடன் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் வேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து வளைவுகளில் பஸ் ஏறும்போது சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும். வந்து இறங்கும்போதே சோர்ந்துவிட்டால் அந்த நாளே வீணாகிவிடும்.

2. முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்

போனில் பேசி முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் நேரில் போங்கள். பிள்ளைகள் போகப் போகும் அதே நேரத்துக்குப் போனால் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

தொழுவத்தைப் பார்க்குமுன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடாத சாண எரிவாயுத் தொட்டி, குளத்துப் படிக்கட்டு, புல் வெட்டும் இயந்திரம், தொங்கும் மோட்டார் ஒயர், குளவிக்கூடு, கட்டாத நாய் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையும் இருக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் அங்கே சாதாரண கேனில், சில சமயம் குடிதண்ணீர் பாட்டிலில்கூட இருக்கும். அந்தக் கொட்டகையைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை உட்கார வைக்கப்போகும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள். மேலே தென்னை இருந்தால் அந்த இடம் வேண்டாம். நம் ஊரில் தென்னையடி நிழலில் வட்டமாக உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு காய் விழுந்தால் போதும், என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டியவை: மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி எப்போது போட்டீர்கள்? ஏதாவது மாட்டுக்கு உடம்பில் கட்டியோ, கழிச்சலோ, தோலில் வட்ட வட்டமாக முடி கொட்டிய இடமோ இருக்கிறதா? (அது படர்தாமரை. பிள்ளைகளுக்கு ஒட்டும்.) இந்த மாதம் ஈன வேண்டிய பசு ஏதாவது உண்டா? புதிதாக ஈன்ற பசுவும் ஈனப்போகும் பசுவும் பிள்ளைகள் பார்வைக்கே வரக்கூடாது. எவ்வளவு சாதுவான பசுவும் கன்று பிறந்த வாரத்தில் முட்டும். ஈற்றுநீரும் நஞ்சுக்கொடியும் நோய் பரப்பக்கூடியவை. காளையையும் ஆட்டுக்கிடாவையும் அன்றைக்கு வேறு இடத்தில் கட்டச் சொல்லுங்கள்.

கோழி, வாத்து விஷயத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. கேரளத்தில் பறவைக்காய்ச்சல் என்று செய்தி வந்தால் களியக்காவிளை சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளைத் தடுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த வாரங்களில் பறவைகளைத் தொடும் பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை டாக்டரிடம் கேட்டுவிடலாம்.

பணம் பற்றியும் அன்றைக்கே பேசிவிடுங்கள். "பள்ளிக்கூடப் பிள்ளைங்கதானே, சும்மா வாங்க" என்றுதான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு ஒரு நாள் வேலை போகிறது, மாடும் அன்றைக்குக் கொஞ்சம் பால் குறைத்துத்தான் கொடுக்கும். பணமாக வாங்கத் தயங்கினால் ஒரு மூட்டை புண்ணாக்கோ தவிடோ இறக்கிக் கொடுங்கள்.

3. மாதம்

நமக்கு இரண்டு மழை. ஜூன், ஜூலையில் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இந்த மாதங்களில் தொழுவம் சேறாக இருக்கும், வழுக்கும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு. ஏப்ரலில் வெயில் தாங்காது.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி. கும்பப்பூ நெல் அறுவடை நடக்கும் சமயம். அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வாத்துகளை இறக்குவார்கள். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்விட்டு நிற்கும், தேன்பெட்டிகள் நிறையும். தேனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4. காகித வேலைகள்

கல்வி அலுவலகத்துக்கான அனுமதிக் கடிதத்தைத் தலைமையாசிரியர் வழியாக ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். வண்டி, பள்ளிப் பேருந்து விதிகளுக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் கூடுதலாகப் பத்துப் பிள்ளைகளைத் திணிப்பதற்குப் பதில் இரண்டு நாளாகப் பிரித்துப் போகலாம்.

பெற்றோருக்குப் போகும் கடிதம் வெறும் சம்மதக் கடிதமாக இருந்தால் பிரயோஜனமில்லை. நான் கேட்பவை இவை: பிள்ளைக்கு ஆஸ்துமா, வீசிங் உண்டா? முடி, தூசி, வைக்கோல் பட்டால் தடிப்பு வருமா? தேனீ, குளவி கொட்டி முன்பு உடம்பு வீங்கியதா? தினமும் சாப்பிடும் மருந்து என்ன? 10 வயதில் போடவேண்டிய டி.டி. ஊசி போட்டாயிற்றா? எந்த விலங்கைக் கண்டு பயம்? உங்கள் குடும்ப வழக்கப்படி பிள்ளை தொடக்கூடாத விலங்கு ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பல மதப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் மாவட்டம் நம்முடையது. பன்றி வளர்க்கும் வீட்டுக்குப் போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

கடிதத்தின் அடியில், "நகம் வெட்டி அனுப்பவும். ஷூ போட்டு அனுப்பவும், செருப்பு வேண்டாம். தொங்கட்டான், வளையல் வேண்டாம். தலைமுடியை இறுக்கிப் பின்னி அனுப்பவும். மாற்று உடுப்பு ஒன்று கொடுத்துவிடவும்" என்று எழுதுங்கள். ஆடு முதலில் கடிப்பது அடையாள அட்டையின் ரிப்பனைத்தான். அதையும் கழற்றிவிடலாம்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நான் கூட்டிப் போவதில்லை. கை எப்போதும் வாயில்தான் இருக்கும். சாணத்திலிருந்து வரும் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அந்த வயதில்தான் அதிகம் வாட்டும்.

5. முந்தின வாரம் வகுப்பில்

பயிற்சிக்கு ஒரு பொம்மை போதும். பழைய துணியை உருட்டி, உள்ளே ஒரு பச்சை முட்டையை வைத்துக் கட்டுங்கள். அதுதான் கோழிக்குஞ்சு. பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் கிண்ணம் மாதிரி வைத்து அதை வாங்கவேண்டும். முட்டை உடையாமல் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். எங்கள் வகுப்பில் முதல் நாள் நாலு முட்டை உடைந்தது, மூன்றாம் நாள் ஒன்றுகூட உடையவில்லை.

பிறகு மூன்று விதிகள். ஓடக்கூடாது. கத்தக்கூடாது. விலங்கு விலகிப் போனால் பின்னாலேயே போகக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். தொட வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளைக்கு எப்படி இருக்கிறதோ, அப்படியே ஆட்டுக்கும் இருக்கிறது. பயப்படும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து மாட்டின் மேல் வைக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எந்த மாட்டுக்கும் பக்கத்தில் போகாது. பயமாக இருந்தால் தூரத்தில் உட்கார்ந்து படம் வரையட்டும். படம் வரைகிறவர்களுக்கென்று நான் தனி நோட்டே கொண்டுபோவேன். பெரும்பாலும் மத்தியானத்துக்குள் அவர்களே எழுந்து வந்துவிடுவார்கள்.

கேள்விகளையும் வகுப்பிலேயே சேர்த்து வையுங்கள். "மாட்டுக்கு எத்தனை பல்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், பதிலைச் சொல்லாமல் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அங்கே போய் மாடு வாயைத் திறக்கும்போது பார்க்கட்டும். மேல்வாயில் முன்பற்களே இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

6. அந்த நாளின் ஒழுங்கு

வீட்டுப் பண்ணைக்கு 40 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். விலங்கைத் தொடும் நேரத்தில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து பிள்ளைக்கு மேல் நிற்கக்கூடாது. ஆசிரியர் போதாவிட்டால் பெற்றோரைக் கூப்பிடுங்கள், ஆனால் செல்போனில் படம் எடுப்பதை ஒரே ஒருவரிடம் விட்டுவிடுங்கள். மற்ற எல்லாரும் பிள்ளைகளைப் பார்க்கவேண்டியவர்கள்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் பத்துக்குள் சேருங்கள். இறங்கியதும் நேராகத் தொழுவத்துக்குப் போகவேண்டாம். வேலியோரம் ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் நிற்கவைத்து, என்ன சத்தம் கேட்கிறது, என்ன வாடை வருகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். மாடுகளும் அதற்குள் இவர்களைப் பார்த்துப் பழகிவிடும். பிறகு மூன்று குழுவாகப் பிரிந்து மாடு, ஆடு, கோழி என்று 25 நிமிடம் வீதம் மாறி மாறிப் போகலாம். ஒரு குழு போனதும் அடுத்த குழு வருமுன் விலங்குக்குப் பத்து நிமிடம் ஓய்வு. பன்னிரண்டு மணிக்குக் கை கழுவிச் சாப்பாடு. ஒன்றிலிருந்து இரண்டு வரை வெயிலில் வேலை எதுவும் இல்லை. நிழலில் உட்கார்ந்து படமும் பேச்சும். இரண்டு மணிக்கு மேல்தான் மத்தியானக் கறவை. அதைப் பார்த்துவிட்டு மூன்றரைக்குள் புறப்பட்டுவிடலாம். காலைக் கறவை விடியுமுன் முடிந்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கறவை பார்க்காமல் திரும்பினால் பாதிச் சுற்றுலாதான்.

7. ஒவ்வொரு உயிரோடும்

பசு. பசுவுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் எல்லாம் தெரியும். நேர் பின்னாலும் மூக்குக்கு மிகப் பக்கத்திலும் மட்டும் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போகவேண்டும். "மாடு பின்னாலதான் உதைக்கும்" என்று நினைக்கிறார்கள். காலை முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டிலும் உதைக்கும். ஆகவே பின்னங்கால் பக்கமே யாரும் நிற்கக்கூடாது. முதலில் கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியைத் தடவட்டும். பெரும்பாலான பசுக்கள் அங்கே தடவினால் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். புல்லை நீளமான கட்டாகக் கொடுத்தால் பிள்ளையின் கை வாய்க்குத் தூரத்தில் இருக்கும். நாக்கு எப்படிப் புல்லைச் சுற்றி இழுக்கிறது என்பதும் தெரியும்.

பிறகு அசைபோடுவதைப் பார்க்க உட்காருங்கள். விழுங்கிய ஒரு உருண்டை கழுத்து வழியாக மேலே ஏறி வருவது தோலுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும். ஒரு உருண்டையை எத்தனை தடவை மெல்லுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் ஐம்பதுக்குப் பக்கத்தில் எண்ணினார்கள். ஒருவன் மட்டும் விடாமல் நாலு உருண்டை எண்ணி, "ஒவ்வொண்ணும் வேற வேற வருது டீச்சர்" என்றான். வயிற்றின் நாலு அறைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது இல்லாத கவனம் அன்றைக்கு அவனிடம் இருந்தது. பசுவின் இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, உள்ளங்கையை அமர்த்தி வைத்தால் முதல் அறை உருளுவது கைக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுமையாக வைத்திருக்கவேண்டும்.

ஆடு. பலா இலைக்கு ஓடி வரும். கிளையாகப் பிடித்துக் கொடுங்கள். ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீளமாக இருப்பதைப் பிள்ளைகளாகவே கண்டுபிடிக்கட்டும். குட்டியின் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி விளையாட விடாதீர்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு, குட்டிக்கு அது முட்டப் பழகும் பாடம். பெரிதானதும் வீட்டுக்காரரைத்தான் முட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் கையில் கிடைத்த இலையையெல்லாம் பறித்து ஊட்டுவார்கள். நம் விளைகளில் பக்கத்திலேயே நிற்பது மரச்சீனி (மரவள்ளி). அதன் பச்சை இலையில் சயனைடு உண்டாக்கும் நஞ்சு உண்டு. ஆடும் மாடும் கொஞ்சம் அதிகம் தின்றால் சாகும். ரப்பர் விதையும் அப்படித்தான். அரளியும் நஞ்சுதான். டிபன் பாக்ஸில் மிஞ்சிய சோற்றையும் கொட்டக்கூடாது. நிறையச் சோறு போனால் மாட்டின் வயிறு புளித்து உயிருக்கே ஆபத்தாகும். வீட்டுக்காரர் கட்டிவைத்த தீவனத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்கக்கூடாது என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது, ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லுங்கள்.

கோழி. குஞ்சுகளைத் தாய்க்கோழியோடு பார்த்தால் மட்டும் போதும். தொட வேண்டுமானால் பழகிய ஒரு பெரிய கோழியை வீட்டுக்காரர் இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க, பிள்ளைகள் முதுகில் தடவலாம். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கும் வேலை முட்டை எடுப்பது. இட்ட சூடு ஆறாத முட்டையைக் கன்னத்தில் வைக்கப் பார்ப்பார்கள், கையில் மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடைகாக்கும் கோழி இருந்தால், ஏழு நாள் அடைவைத்த முட்டை ஒன்றை வீட்டுக்காரர் எடுத்து இருட்டு அறையில் டார்ச் வெளிச்சத்தில் காட்டட்டும். சிவப்பு நூல் மாதிரி ரத்த நாளங்கள் தெரியும். குஞ்சோ குட்டியோ வெளியே வர கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள், முயலுக்கு ஒரு மாதம், ஆட்டுக்கு ஐந்து மாதம், பசுவுக்கு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் என்று அங்கேயே சொல்லிக்கொடுத்தால் மறக்காது.

முயல். காதைப் பிடித்துத் தூக்குவதைப் படங்களில் பார்த்திருப்பார்கள். அது சித்திரவதை. மடியில் சாக்கை விரித்து, தரையில் உட்கார்ந்து, பின்னங்காலைத் தாங்கித்தான் வாங்கவேண்டும். காற்றில் உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் யார் மடியிலும் வேண்டாம்.

வாத்துக் கூட்டத்தை வரப்பில் நின்று பாருங்கள், அது போதும். மேய்க்கும் பாட்டாவிடம் பேச விடுங்கள். முட்டை பெரும்பாலும் விடியுமுன் இட்டுவிடும் என்பதால் காலையில்தான் கூட்டத்தைத் திறந்துவிடுவார்கள் என்பது போன்ற விஷயங்களை அவர் வாயால் கேட்கவேண்டும்.

தேனீ. நான்காம் வகுப்புக்கு மேலேதான். கொட்டினால் வீங்கும் பிள்ளைகள் தள்ளியே நிற்கட்டும். ஆனாலும் நம் மாவட்டத்தில் இதை விட்டுவிட எனக்கு மனம் வராது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊர்ப்புற மையம் கற்றுக்கொடுத்துப் பரவிய தொழில் இது. இன்றைக்கும் ரப்பர் தோட்டங்களில் வரிசை வரிசையாகத் தேன்பெட்டிகள் நிற்கின்றன. பெட்டியைத் திறப்பதைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஆளுக்கொரு ரப்பர் தளிரைக் கையில் கொடுங்கள். மூன்று சிற்றிலையும் காம்பும் சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கும். இளந்தளிரில் அங்கே தேன் துளிர்த்து நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேன் பூவில் மட்டும்தான் கிடைக்கும் என்று பாடத்தில் படித்த பிள்ளைகள் இலையில் தேனைப் பார்த்துவிட்டு, "அப்போ புத்தகம் தப்பா டீச்சர்?" என்பார்கள். நிதானமாகப் பேசவேண்டிய கேள்வி அது.

கறவை. கன்றை முதலில் விட்டால்தான் மடி சுரக்கும். கன்று முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பால் யாருக்காக வருகிறது என்று விளக்கவேண்டியதில்லை. வீட்டுக்காரர் மடியைக் கழுவி, முதல் நாலு பீச்சலைத் தனியாகக் கீழே விட்டபின், துணிந்த பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பீச்சல் கறக்கலாம். "பைய, மக்களே, இழுக்கக் கூடாது, மேலேருந்து அமுக்கி விடணும்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவின் கையில் பால் தாரை சீறிக்கொண்டு பாத்திரத்தில் விழும். பிள்ளைகள் கையில் ஒரு சொட்டுதான் வரும். பச்சைப் பாலை யாரும் வாயில் வைக்கக்கூடாது. பொங்கக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டுக் கொடுக்கட்டும்.

வேலையும் கொடுங்கள். தொழுவம் பெருக்க, சாணியை மண்வெட்டியில் அள்ள, தொட்டியில் தண்ணீர் நிரப்ப. ஒரு பசு ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்கும் என்பது தண்ணீர் சுமந்த பிள்ளைக்குத்தான் தெரியும். முட்டம், குளச்சல் பக்கத்துக் கடலோரப் பிள்ளைகளைக் கூட்டி வந்தபோது ஒன்று கவனித்தேன். மாட்டைத் தொட்டதே இல்லாதவர்கள், ஆனால் வேலை என்றதும் முதலில் இறங்கியவர்கள் அவர்கள்தான்.

யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "இந்த ஆட்டை வெட்டுவாங்களா?" பொய் சொல்லாதீர்கள். "ஆமாம், சில ஆடுகளை விற்பார்கள்" என்று வீட்டுக்காரரே சொல்லட்டும். அழுகிற பிள்ளை அழட்டும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் போதும்.

8. கை கழுவுதல்

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வீட்டில் ஒரு குழாய்தான் இருக்கும், 40 பிள்ளைகளும் அதில் முண்டியடிப்பார்கள். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் மூன்று கொண்டுபோய் பெஞ்சில் வையுங்கள். ஒரு தடவைக்கு அரை லிட்டர், மூன்று தடவை, 40 பிள்ளை என்றால் கணக்கு சரியாக வரும். சோப்பைத் துண்டாக்கி வலைப்பையில் போட்டுக் கேனோடு கட்டித் தொங்கவிட்டால் சேற்றில் விழாது. இருபது வரை எண்ணி, நகக்கண், மணிக்கட்டு வரை தேய்க்கவேண்டும். சானிட்டைசர் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாணியும் மண்ணும் ஒட்டிய கையில் அது வேலை செய்யாது.

கழுவவேண்டிய நேரங்கள்: விலங்குகளை விட்டு வெளியே வந்ததும், சாப்பாட்டுக்கு முன், பஸ் ஏறுமுன். தொழுவத்துப் பக்கம் தண்ணீர் பாட்டில், மிட்டாய், எதுவும் திறக்கக்கூடாது. விலங்குக்கு முத்தம் கூடாது. ஏறுமுன் ஷூவின் அடியையும் கழுவுங்கள். பண்ணைக்கு உள்ளே போகும்போதும் இதைச் செய்வது நல்லது, நம் காலில் வரும் நோயும் அவர்கள் மாட்டுக்குத்தான் போகும். சாப்பாடு கையால் பிசையாத மாதிரி இருந்தால் நல்லது. இட்லி, ஏத்தம்பழம் எனக்குப் போதும் என்று தோன்றும்.

9. அவசரத்துக்கு

ஆம்புலன்சுக்கு 108. விலங்குக்கு ஏதாவது ஆனால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, தக்கலையா, குழித்துறையா எது பக்கம் என்பது, ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மலையோரங்களில் சிக்னல் இருக்காது. முன்பார்வைக்குப் போகும்போதே போனை எடுத்துப் பாருங்கள்.

நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கவேண்டாம். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108. பாம்பு என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், பிள்ளையை அசையாமல் வைத்துத் தூக்கிப் போகவேண்டும்.

திரும்பிய இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தோலில் வட்டத் தடிப்பு வந்தால் பண்ணைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லச் சொல்லிப் பெற்றோருக்கு எழுதிவிடுங்கள்.

10. திரும்பி வந்த பிறகு

மறுநாளே "சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதுக" என்று உட்கார வைக்காதீர்கள். அந்த வீட்டு அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். படங்களையும் சேர்த்து ஒரு பெரிய உறையில் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கணக்குப் பாடத்துக்கு அந்தப் பசுவின் பால், தீவனம், சங்கத்தில் கிடைக்கும் விலை போதும். ஒரு லிட்டருக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

முடிந்தால் அதே வீட்டுக்கு இரண்டாம் தடவையும் போங்கள். பிப்ரவரியில் போனபோது ஒரு கிடாரிக் கன்றின் மார்பைச் சுற்றிக் கயிறால் அளந்து, முடிச்சுப் போட்டு வெட்டி எடுத்து வந்தோம். வகுப்புச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். ஆகஸ்டு கடைசியில், பழைய வகுப்பு முழுவதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு அதே தொழுவத்துக்குப் போனோம். குஞ்சைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை இப்போது பெரிய வகுப்பில் இருந்தாள். கன்றின் பக்கவாட்டில் போய், பேசிக்கொண்டே, அலைதாடியில் கை வைத்தாள். அது கழுத்தை நீட்டிக் கொடுத்த பிறகுதான் பழைய கயிறை எடுத்துச் சுற்றினாள். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் எட்டியது.